பூமி எழுதும் பதிவு

பூகம்பத்தில் ஒரு அணை எப்படி ஆடும், எந்த இடத்தில் விரிசல் விடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கிற மென்பொருட்கள் நிறைய உண்டு. அதில் அபாகஸ் என்று ஒன்று, ரொம்பப் பிரபலம். அதோடு வருகிற உதாரணக் கையேட்டில் பூகம்பத்தில் சிக்கிய கான்கிரீட் அணைக்கு எந்த அணையைக் காட்டுகிறார்கள் தெரியுமா? அமெரிக்காவின் ஹூவர் அணை இல்லை. ஜப்பான்காரன் கட்டியதும் இல்லை. நம்ம மகாராஷ்டிராவின் கொய்னா! சீனாவிலும் ஈரானிலும் கனடாவிலும் இந்தத் துறையில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் புதுசா ஒரு கணக்குமுறை கண்டுபிடித்தால், 'எங்கே, சரியா வருதா பார்ப்போம்' என்று ஓட்டிப் பார்ப்பது பெரும்பாலும் கொய்னாவைத்தான்.

ஏன் கொய்னா? அதற்குக் காரணம் கம்ப்யூட்டர் இல்லைங்க. ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

நெய்வேலிக்காரனுக்கு பூகம்பத்தோடு என்ன சகவாசம்னு கேட்பீங்க. 2001 செப்டம்பர் 25, இரவு எட்டரை மணி வாக்கில், பாண்டிச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கு அடியில் 5.5 அளவில் ஒரு அதிர்வு. எங்க ஊரிலிருந்து ஒரு நூறு கிலோமீட்டர் தூரம்தான் இருக்கும். அதே வருஷம் ஜனவரியில் குஜராத்தே குலைந்து போயிருந்ததால் கடலோர ஜனம் முழுக்க வாசலுக்கு ஓடி வந்துவிட்டது. பிறகு எல்லோரும் ஒரே பல்லவிதான்: "நம்ம பக்கம் பழைய பாறை சார், கெட்டிப் பாறை. இங்கெல்லாம் ஒண்ணும் ஆவாது." பாட்டியிலிருந்து பேராசிரியர் வரை சொல்கிற வசனம் இது. இந்த வசனத்துக்கு அரசாங்க முத்திரையே ஒரு காலத்தில் இருந்தது. 1962ல் வந்த இந்தியாவின் முதல் பூகம்பக் கட்டுமான விதிப் புத்தகத்தில் (ஐ.எஸ். 1893 என்று அதற்குப் பெயர்) 'பூஜ்ய மண்டலம்' என்றே ஒன்று உண்டு. பூஜ்யம் என்றால் பூகம்பமே கிடையாது என்று அர்த்தம். தீபகற்பத்தின் பெரும்பகுதி அந்தப் பூஜ்யத்துக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

1967 டிசம்பர் 11, விடியற்காலை நாலரைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தத் தூக்கம் கலைந்தது. சதாரா மாவட்டத்தில் கொய்னாநகர். 6.3க்கு மேல் அளவுள்ள பூகம்பம். இருநூறு பேர் அளவில் செத்துப்போனார்கள். அணை கட்டுவதற்காக எழும்பிய ஊர் அது. எங்க ஊர் மாதிரியே ஒரு திட்டம் பெற்ற பிள்ளை. ஊரே இடிந்தது. அணையில் தேக்கிய தண்ணீரே தூண்டிவிட்ட பூகம்பத்துக்கு உலகம் முழுக்க இதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அது தனிக்கதை, இன்னொரு நாள் பார்ப்போம்.

அணை உடையவில்லை. 103 மீட்டர் உயரத்துக்கு நின்றது நின்றபடி இருந்தது. ஆனால் உயரமான பிளாக்குகளில் முன்பக்கமும் பின்பக்கமும் கிடைமட்டமாக விரிசல்கள். அதுவும் எங்கே? அடியில் இல்லை. உச்சிக்குக் கிட்டே, அணையின் பின்பக்கச் சரிவு திடீரென்று மாறுகிற இடத்தில், ஆள் முதுகு வளைகிற மாதிரி ஒரு இடம் இருக்குமே, சரியாக அந்த மட்டத்தில்.

எஞ்சினியர்களுக்கு இது புதிர். அந்தக் காலத்து முறைப்படி அணையின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கை எடுத்து, அந்த அளவு விசை பக்கவாட்டில் தள்ளுவதாக வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான் அன்றைய 'பூகம்பக் கணக்கு'. பூகம்பம் ஒரு குண்டு ஆள் மாதிரி தோளை வைத்து ஒரே பக்கமாகத் தள்ளும் என்ற கற்பனை. அந்தக் கணக்கில் மேல் பகுதியில் விரிசல் விழுவதற்கு நியாயமே கிடையாது.

இப்போது பெட்டிக்கு வருவோம். அணையின் ஓரத்தில் ஒரு சின்ன பிளாக்கின் உள் நடைபாதையில் நில அதிர்வு முடுக்கத்தைப் பதிகிற கருவி ஒன்று வைத்திருந்தார்கள். பூகம்பம் வந்தபோது அது ஒழுங்காக வேலை செய்தது. (அரசாங்கக் கருவி, ராத்திரி நாலரை மணி, வேலை செய்தது! நம்பித்தான் ஆகணும்.) அணையின் நீளவாக்கில் 0.63 ஜி, ஆற்றின் போக்கில் 0.49 ஜி, மேலும் கீழுமாக 0.34 ஜி. ஜி என்றால் புவியீர்ப்பு முடுக்கம். ஐந்து சதவீதம் என்று கணக்குப் போட்ட அணையை, எடையில் பாதி அளவு விசையோடு பூமி முன்னும் பின்னும் உலுக்கியிருக்கிறது. பூகம்பத்துக்கு இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு பலமான அதிர்வின் பதிவு அன்றைக்கு உலகத்திலேயே ரொம்ப அபூர்வம்.

அந்தப் பதிவு கிடைத்த நேரத்தில்தான் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆட்கள் தயாராக இருந்தார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கணும். (கொசுவத்தி சுத்துங்க.)

ரே கிளஃப் என்று ஒரு சிவில் எஞ்சினியர். 1952, 53 கோடை விடுமுறைகளில் போயிங் கம்பெனியில் வேலை பார்க்கப் போனார். அங்கே விமான இறக்கைகளின் அதிர்வைக் கணக்கிடுவதில் சிக்கல். இறக்கையை மொத்தமாக ஒரு பொருளாகப் பார்த்தால் கணக்கு வரவில்லை. அதைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக, கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் சுலபமான கணக்குப் போட்டு, எல்லாத் துண்டுகளையும் மறுபடி ஒட்டினால்? டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் நாலு பேரும் சேர்ந்து 1956ல் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். 1960ல் கிளஃப் அதற்கு 'ஃபைனைட் எலிமெண்ட்' என்று பெயர் வைத்தார். துண்டுபோட்டுக் கணக்கிடும் முறை என்று நாம் வைத்துக்கொள்வோம். கையால் போட்டால் ஆயுசு போதாது. கம்ப்யூட்டருக்கு இதுதான் அல்வா. அவருடைய மாணவர் எட் வில்சன் அதற்கு நிரல் எழுதினார். அமெரிக்காவின் ஆர்க்கன்சாஸில் நார்ஃபோர்க் என்ற அணையில் விழுந்திருந்த விரிசலை 1960களின் ஆரம்பத்தில் இந்த முறையில் ஆராய்ந்தார்கள். விமானத்துக்கு வந்த கணக்கு அணைக்கு வந்த கதை இது.

அதே பெர்க்லியில் அனில் சோப்ரா. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் போனவர். 1966ல் அங்கே முனைவர் பட்டம். அணையும் அதற்குப் பின்னால் நிற்கும் தண்ணீரும் சேர்ந்து எப்படி ஆடும் என்பதுதான் அவர் ஆராய்ச்சி. அடுத்த வருஷமே சொந்த நாட்டில் கொய்னா ஆடுகிறது! சோப்ராவும் சக்ரவர்த்தியும் கொய்னாவின் உயரமான பிளாக்கின் குறுக்குவெட்டைத் துண்டு துண்டாக வெட்டி, அந்தப் பெட்டி எழுதிய பதிவை அடியில் கொடுத்து, கம்ப்யூட்டருக்குள் மறுபடி ஒரு கொய்னா பூகம்பத்தை நடத்தினார்கள். 1973ல் கட்டுரை வந்தது. இழுவிசை எங்கே கான்கிரீட் தாங்கும் அளவைத் தாண்டியது என்று பார்த்தால், சரிவு மாறுகிற அந்த இடத்தில்தான். நிஜத்தில் விரிசல் விட்ட அதே மட்டம்.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது ஒன்று. கம்ப்யூட்டர் உலகத்தில் பல இடங்களில் இருந்தது. நிரலும் வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு காகிதச் சுருள் இல்லையென்றால் இந்த ஒப்பீடு நடந்திருக்காது. 'கணக்கு இப்படிச் சொல்கிறது' என்று சொல்லலாம். 'நிஜமும் அப்படியே சொன்னது' என்று சொல்ல முடியாது. இன்றைக்கும் கொய்னா உலகத்தின் பரீட்சைத் தாளாக இருப்பதற்குக் காரணம், கேள்வி (அதிர்வின் பதிவு), விடை (விரிசல்) ரெண்டுமே கையில் இருப்பதுதான். 1970ல் வந்த திருத்தத்தில் விதிப் புத்தகத்திலிருந்து பூஜ்ய மண்டலத்தைத் தூக்கிவிட்டார்கள். நல்லவேளை.

கொய்னாவுக்கு அடியில் பாறை. அதனால் மண்ணைப் பற்றி அதிகம் கவலைப்படாமல் தப்பித்தார்கள். மண் மேல் நிற்கும் ஊருக்கு என்ன கணக்கு?

டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்க. நெய்வேலியில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் கையில் தொங்குமே, அந்த நாலு அடுக்குக் கேரியர்தான். அடியில் கெட்டிச் சாதம், அதற்கு மேல் கூட்டு, மேல் தட்டில் ரசம். கைப்பிடியை விட்டுவிட்டு, அடித்தட்டை மட்டும் பிடித்து உலுக்கினால் மேலே இருப்பது எப்படி ஆடும்? மண் அடுக்குகளும் அப்படித்தான். அடிப் பாறையில் கிளம்பும் ஆட்டம் மேலே வர வர மாறும். சில ஆட்டம் அடங்கும், சில ஆட்டம் பெருகும். இதைக் கணக்கிட 1972ல் பெர்க்லியில் ஷ்னாபெல், லைஸ்மர், சீட் மூன்று பேரும் ஒரு நிரல் வெளியிட்டார்கள். பெயர் 'ஷேக்'. பேரிலேயே குலுக்கல். :)

மண்ணுக்கு ஒரு கெட்ட குணம். மெல்ல ஆட்டினால் விறைப்பாக இருக்கும், பலமாக ஆட்டினால் தொளதொளத்துவிடும். எவ்வளவு தொளதொளக்கும் என்று தெரிந்தால்தான் எவ்வளவு ஆடும் என்று கணக்கிடலாம். எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு தொளதொளக்கும் என்று தெரியும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் கதை. ஷேக் என்ன செய்தது? முதலில் ஒரு விறைப்பைச் சும்மா வைத்துக்கொள். ஆட்டிப்பார். வந்த ஆட்டத்துக்கு ஏற்ற விறைப்பை எடுத்து மறுபடி ஆட்டு. ரெண்டும் ஒத்துப்போகிற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய். அவ்வளவுதான் சூட்சுமம். எண்பது கட்டம் உள்ள துளை அட்டையில் கொடுக்க எழுதிய நிரல் அது. 1990களில் அதைத் திருத்தி வெளியிட்ட ஷேக்91க்கும் எண்களை அந்தந்த கட்டத்தில் பிசகாமல் அடிக்கணும். அட்டை போன பிறகும் அட்டைப் புத்தி போகவில்லை.

இந்த டிபன் கேரியர் கணக்கின் உண்மையை உலகத்துக்குக் காட்டியது மெக்சிகோ நகரம். 1985 செப்டம்பர் 19. பூகம்பம் நடந்தது முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால், பசிபிக் கரையில். நடுவே இருந்த ஊர்களை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் தாண்டி வந்து நகரத்தை அடித்தது. ஏன்னா நகரத்தின் ஒரு பகுதி, அஸ்டெக் காலத்து ஏரி வற்றிய களிமண் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாறை மேல் இருந்த பல்கலைக்கழக வளாகத்தில் கருவி பதிந்தது 0.04 ஜிக்கு உள்ளே. ஏரிக் களிமண் மேல் இருந்த போக்குவரத்து அமைச்சகத்தில் 0.17 ஜி. ஒரே நகரம், ஒரே பூகம்பம், நாலைந்து மடங்கு வித்தியாசம்! அதுவும் அந்தக் களிமண் ரெண்டு வினாடிக்கு ஒரு தரம் என்று நிதானமாக ஊஞ்சல் ஆடியது. அதே தாளத்துக்குக் கிட்டத்தில் ஆடக்கூடிய நடுத்தர உயரக் கட்டடங்கள், ஏழெட்டு மாடியிலிருந்து பதினைந்து மாடி வரை, பொறுக்கியெடுத்த மாதிரி விழுந்தன. குட்டை வீடுகள் பல தப்பின. சீட்டும் மெக்சிகோ ஆய்வாளர்களும் பின்னால் ஷேக் வகைக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது கருவிகள் சொன்னதோடு நன்றாகவே ஒத்துப்போனது. இங்கேயும் கவனிங்க: பாறையில் ஒரு பெட்டி, மண்ணில் ஒரு பெட்டி. ரெண்டும் இருந்ததால்தான் ஒப்பிட முடிந்தது.

ஷேக்குக்கு ஒரு பெரிய குருட்டுப் பகுதி உண்டு. அதற்குத் தண்ணீர் தெரியாது. இங்கேதான் நெய்வேலிக்காரன் காலரைத் தூக்கிவிட்டுக்கலாம்.

எங்க ஊர்க் கதையே தண்ணீர்க் கதைதான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது என்பதில் ஆரம்பிக்கிறது. 1956ல் கம்பெனி, 1961ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது, 1962ல் மின்சாரம். இதற்கு நடுவே தலைவலி, நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் இருக்கும் ஊற்று நீர். சதுர சென்டிமீட்டருக்கு 6லிருந்து 8 கிலோ வரை அழுத்தத்தோடு கீழேயிருந்து மேலே தள்ளுகிற தண்ணீர். அறுபது, எண்பது மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டியின் அடியில் இருக்கும் அழுத்தம் அது. மேலே இருக்கிற மண்ணை வெட்டி எடுக்க எடுக்க, கீழே அழுத்திப் பிடிக்கும் பாரம் குறையும். ஒரு கட்டத்தில் தண்ணீர் ஜெயித்துவிடும். சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு வெள்ளம் வரும். அதனால்தான் ராப்பகலாக பம்பு ஓடுகிறது. நிலக்கரி எடுக்கிற ஊரில் தண்ணீர் எடுப்பதே பெரிய வேலையாகப் போனது இப்படித்தான். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பள்ளிக்கூடத்துக்கு முன்னாலேயே தெரிந்த பாடம்: மண்ணின் பலம் மண்ணில் மட்டும் இல்லை, அதற்குள் இருக்கும் தண்ணீர் எவ்வளவு முட்டுகிறது என்பதிலும் இருக்கிறது.

டெர்ஸாகி என்ற ஆஸ்திரியாக்காரர் 1920களிலேயே இதைச் சூத்திரமாக எழுதிவிட்டார். மொத்த பாரத்தில் தண்ணீர் சுமப்பதைக் கழி. மீதியைத்தான் மணல் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திச் சுமக்கின்றன. மணலுக்கு உறுதி தருவது அந்த மீதிதான். மீதி பூஜ்யம் ஆனால் மணல் மணலாக இருக்காது. கூழ்.

பூகம்பத்தில் நடப்பது அதுதான். கடலூர் சில்வர் பீச்சில் அலை வந்து திரும்புகிற ஈர மணலில் நின்று காலை லேசாக ஆட்டிப்பாருங்க. கெட்டியாக இருந்த மணல் சொதசொதத்து, பாதம் உள்ளே இறங்கும். ஆட்டம் துகள்களை நெருக்கப் பார்க்கிறது. இடையில் இருக்கும் தண்ணீருக்கு வெளியேற நேரமில்லை. அழுத்தம் தண்ணீர் தலையில் விழுகிறது. 1964 ஜூன் 16 ஜப்பானின் நிகாடா நகரத்தில் இது ஒரு முழு ஊருக்கு நடந்தது. கவாகிஷி-சோ என்ற இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் உடையாமல், நொறுங்காமல், அப்படியே சாய்ந்து படுத்துவிட்டன. ஒரு கட்டடத்தின் சுவர் மேல் நடந்து ஜனங்கள் இறங்கி வந்தார்கள். கட்டடத்தின் கணக்கு சரி. அடியில் இருந்த மண் கூழாகிவிட்டது.

(நெய்வேலி ஆழத்தில் இருக்கும் ஊற்று நீரும் நிகாடாவின் கூழ் மண்ணும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அது ஆழத்துச் சங்கதி, இது மேல்மட்டத் தளர்ந்த மணலின் சங்கதி. யாரும் பீதியைக் கிளப்ப வேண்டாம். ரெண்டுக்கும் சூத்திரம் ஒன்று, அவ்வளவுதான்.)

தண்ணீரைக் கணக்கில் சேர்க்கும் வேலை 1970களின் நடுவில் ஆரம்பித்தது. கனடாவில் லியாம் ஃபின் குழு எழுதிய நிரல்கள், பிரிட்டன் பக்கம் ஸியன்கீவிச் குழு என்று பலர் பல வழியில் போனார்கள். 1980களின் முடிவில் ஆளாளுக்கு ஒரு நிரல். ஒவ்வொருவரும் 'என்னுது சரியா வருது' என்றார்கள். நடந்து முடிந்த பூகம்பத்துக்குத் தகுந்தபடி எண்களைத் திருகினால் யாருக்கும்தான் சரியாக வரும். தேர்வு முடிந்த பிறகு விடைத்தாள் எழுதுகிற மாதிரி.

இதை முடிவுக்குக் கொண்டுவர அமெரிக்காவில் ஒரு பொதுப் பரீட்சை வைத்தார்கள். பெயர் 'விலாக்ஸ்'. நடத்தியவர்களில் ஒருவர் டேவிஸ் நகரத்துக் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கந்தையா அருளானந்தன். பேரைப் படிச்சதும் நிமிர்ந்து உட்கார்ந்தீங்களா? நானும்தான். இன்னும் இருக்கு. பரீட்சைக்கு எடுத்துக்கொண்டது நெவாடா மணல் என்ற ஒரு மணல். அதைப் பரிசோதனைக் கூடத்தில் அழுத்தி, முறுக்கி, ஆட்டி, ஒவ்வொரு குணத்தையும் அளந்து 1992ல் வெளியான அறிக்கையை எழுதியவர்களில் முதல் ரெண்டு பெயர் அருள்மொழி, முரளீதரன். இந்தத் துறையில் மண் கூழாவது பற்றி யார் கட்டுரை எழுதினாலும் கடைசிப் பக்கத்தில் அருள்மொழியின் பெயர் அடிக்கடி வந்து நிற்கும். மணலை அளந்த ஒரு அறிக்கைக்கு இவ்வளவு ஆயுசு!

பரீட்சை எப்படி என்றால், மணலின் எண்களை எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள். சோதனையை நடத்துவதற்கு முன்பாகவே கணிப்பை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சோதனை ஒரு பெரிய ராட்டினம் மாதிரி. சின்னப் பெட்டியில் மணலையும் தண்ணீரையும் நிரப்பி, ராட்டினத்தின் கையில் மாட்டி வேகமாகச் சுற்றினால், ஐம்பது மடங்கு புவியீர்ப்பில் ஒரு சாண் மணல் ஐம்பது சாண் ஆழ மணல் மாதிரி நடந்துகொள்ளும். சுற்றும்போதே அதை உலுக்குவார்கள். 1993ல் டேவிஸில் எல்லோரும் கூடி விடைத்தாள்களைப் பிரித்தார்கள். தண்ணீர் அழுத்தம் எப்படி ஏறும் என்பதைச் சிலர் நன்றாகவே பிடித்திருந்தார்கள். மண் எவ்வளவு நகரும் என்பதில் கணிப்புகள் கண்டபடி விலகின. ஒரே மணல், ஒரே எண்கள், ஒரே ஆட்டம், ஆளுக்கொரு விடை. எனக்கு இந்தத் துறையின் வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். தோற்றதை ஊர் கூட்டி அச்சுப் போட்டு வெளியிட்டார்கள். எத்தனை துறையில் அந்தத் தைரியம் இருக்கிறது, சொல்லுங்க.

இந்தப் பக்கம் 2001 ஜனவரி 26. புஜ். குடியரசு தினக் காலை, எட்டே முக்காலுக்கு. பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். மெக்சிகோ கதை அகமதாபாத்தில் திரும்ப நடந்தது. இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், சபர்மதி வண்டல் மேல், கீழே கார் நிறுத்தச் சுவரே இல்லாமல் தூண் மட்டும் விட்டுக் கட்டிய பல மாடிக் கட்டடங்கள் உட்கார்ந்துவிட்டன. கட்ச்சில் சாங், தப்பர் மாதிரி மண் அணைகள் அடிமண் கூழாகி இறங்கின. சாங் அணை கிட்டத்தட்ட முழுசாகவே போய்விட்டது. மழை இல்லாத வருஷம், அணைகளில் தண்ணீர் ரொம்பக் குறைவு. இல்லையென்றால் வெள்ளச் சாவு வேறு சேர்ந்திருக்கும்.

ஐ.ஐ.டி. கான்பூர்க்காரர்கள் இந்த அணைகளைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கொய்னாவில் இருந்த அந்த வசதி இங்கே இல்லை. அவ்வளவு பெரிய பூகம்பத்துக்குக் கிட்டத்தில், அதன் ஆட்டத்தை முழுசாக எழுதி வைத்த ஒரு கருவிகூடக் கிடையாது. உருப்படியாகக் கிடைத்த பதிவு அகமதாபாத்தில், பாஸ்போர்ட் அலுவலகக் கட்டடத்தில், ரூர்க்கிக்காரர்கள் வைத்திருந்த கருவியிலிருந்து. அடித்தளத்தில் 0.106 ஜி. கட்ச்சில் என்ன ஆட்டம் ஆடியது என்பதை அதிலிருந்து யாரும் நேராகப் படிக்க முடியாது. 1967ல் பெட்டி இருந்தது, கம்ப்யூட்டர் அரிது. 2001ல் மேசைக்கு மேசை கம்ப்யூட்டர், பெட்டியைக் காணோம். முப்பத்து நாலு வருஷத்தில் நாம் எதில் முன்னேறினோம் என்று எனக்கு அப்பப்போ சந்தேகம் வரும். கேள்வித்தாள் இல்லாமல் விடை மட்டும் இருந்தால், அடியில் கொடுக்க வேண்டிய ஆட்டத்தை நாமே தோராயமாகச் செய்துகொள்ள வேண்டியதுதான்.

2002ல் விதிப் புத்தகம் திருத்தப்பட்டது. சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. தரைத்தளத்தைத் திறந்துவிட்டுக் கட்டினால் அந்தத் தளத்துத் தூண்களை இரண்டரை மடங்கு பலத்துக்கு வடிவமைக்க வேண்டும் என்று விதி வந்தது. அடையாறு, வேளச்சேரி பக்கம் போகும்போது தூண்கால்களில் நிற்கும் பழைய அடுக்ககங்களைப் பார்த்தால், இது எந்த வருஷத்துத் தூண் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. வாடகை எவ்வளவுன்னு கேட்கிற ஆள் கிடைப்பான், இதைக் கேட்கிற ஆள் கிடைக்க மாட்டான். 2008ல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வாளர்கள் சென்னையின் பல இடங்களில் துளைபோட்டு எடுத்த மண் விவரங்களை வைத்து, அதே ஷேக்91 கொண்டு நகரம் எப்படி ஆடும் என்று கணக்கிட்டார்கள். நம்ம 'கெட்டிப் பாறை' வசனம் அங்கேயே அடிபடுகிறது. பாறை கீழே இருக்கு, சரி. மேலே களியும் மணலும் எத்தனை மீட்டர் என்பதுதான் கேள்வி. தெருவுக்குத் தெரு விடை மாறும்.

இப்போது ஓப்பன்சீஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. பெர்க்லியில் ஃபிராங்க் மெக்கென்னா என்பவர் 1990களில் தன் முனைவர் பட்டத்துக்காக ஆரம்பித்தது. காசு கிடையாது, மூலநிரல் திறந்தே கிடக்கிறது. மண், தண்ணீர், கட்டடம் எல்லாவற்றையும் சேர்த்து ஆட்டலாம். சோப்ரா காலத்தில் பல்கலைக்கழகத்துக்கே ஒன்றிருந்த எந்திரம் செய்த வேலையை, மின்வெட்டு வராத ஒரு ராத்திரியில் வீட்டு லேப்டாப் செய்துவிடும். (நெய்வேலியில் மின்வெட்டு பற்றிப் பேசினால் மற்ற ஊர்க்காரர்கள் அடிக்க வருவார்கள், விடுங்க.)

நானும் இறக்கி வைத்து ஓட்டிப் பார்த்தேன். எஞ்சினியர் இல்லை, பொழுதுபோக்குதான். ஒரு டிபன் கேரியர், முப்பது மீட்டர் உயரம், பத்து அடுக்கு. அடியில் கொடுக்கக் கொய்னாவின் பழைய பதிவை எடுத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு அடுக்குக்கும் எண் நிரப்பணும். அலை அந்த மண்ணில் என்ன வேகத்தில் போகும், அடர்த்தி எவ்வளவு, எத்தனை ஆட்டத்துக்கு எவ்வளவு தொளதொளக்கும். எங்க ஊரில் நிலக்கரிக்காக விழுந்த துளைகளுக்குக் கணக்கு இல்லை. ஆனால் நிலக்கரி தேடுகிறவர் கேட்கும் கேள்வி எத்தனை மீட்டரில் கறுப்பு வருகிறது, தண்ணீர் எவ்வளவு முட்டுகிறது என்பது. என் நிரல் கேட்பது வேறு கேள்வி. எங்க பிளாக்கில் காலுக்குக் கீழே இருக்கும் மண்ணுக்கு அந்த எண் என் கையில் இல்லை. அருள்மொழி அளந்து வைத்த நெவாடா மணல் இருக்கிறதே. பத்து அடுக்கிலும் அதையே போட்டு ஓட்டினேன். ஆடியது. அழகாகவே ஆடியது, நெவாடா.